"எல்லாம் அவங்களே செஞ்சிக்கிறாங்க" என்று டாக்டரிடம் சொல்வதற்கு முன்

மறதிநோய் உள்ளவரின் அன்றாடத் திறனைப் பற்றி டாக்டர் கேட்கும்போது பெரும்பாலும் பதில் சொல்வது வீட்டில் இருக்கும் நாம்தான். பினாங்கில் ஒரு கிளினிக்கில் நானும் அப்படித்தான் சொன்னேன். டாக்டர் மலாய் மொழியில் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முடித்துவிட்டேன். சமைக்கிறாரா? சமைப்பார். கடைக்குப் போகிறாரா? போவார். பொய் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னதெல்லாம் மூன்று வருடத்துக்கு முந்தைய அம்மாவை.

"முடியுமா" என்று யோசித்தால் இப்படித்தான் ஆகும். போன வாரம் செய்தாரா, யாராவது சொல்லித்தான் ஆரம்பித்தாரா, எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மாவைத் தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். கெட்டிலில் தண்ணீர் பிடித்தார், சுவிட்சைத் தட்டினார். தண்ணீர் கொதித்து சுவிட்ச் தானாகவே அணைந்தது. அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்புறம் என்னம்மா?" என்றேன். உடனே தேயிலை, பால் டின், சீனி, எல்லாம் வரிசையாக வந்தன. ஆற்றிய அழகுகூடப் பழைய மாதிரியே. ஒரு வேலையைத் தொடங்குவது, திட்டமிடுவது, செய்து முடிப்பது என்று பிரித்துப் பார்க்கும் அளவுகோல்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. "போடத் தெரியாது" என்று சொல்லியிருந்தால், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாலே போதும் என்ற விஷயம் டாக்டருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

குளிக்கிறார், சாப்பிடுகிறார், அதனால் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைப்பது இன்னொரு தவறு. அவை பொதுவாகக் கடைசியில்தான் பாதிக்கப்படும். பணமும் மருந்து வேளையும் முன்னாலேயே தடுமாறும். கடைக்குப் போய்ச் சரியாக வாங்கி வருகிறாரா? பர்ஸைத் தூக்கிப் பாருங்கள். எதை வாங்கினாலும் 50 வெள்ளி நோட்டை நீட்டி, மீதியை எண்ணாமல் போட்டுக்கொள்கிறவரின் பர்ஸ் சில்லறையால் கனக்கும். கணக்கு வராததை மறைக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

அதற்காக, செய்யாததையெல்லாம் நோய்க் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. முதியவர்களின் அன்றாடத் திறனை அளக்க 1969-இல் லாட்டன், பிராடி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகோலில் தொலைபேசி, கடைவேலை, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, போக்குவரத்து, மருந்து, பணம் என்று எட்டு அம்சங்கள். ஆண்களுக்கு மட்டும் சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. (நம் வீட்டு ஆண்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம்.) வாழ்நாளில் அடுப்பே பற்றவைக்காத அப்பா இன்றைக்குச் சமைக்காததில் செய்தி எதுவும் இல்லை. பேங்க் வேலையைத் தாத்தாவிடமே விட்டிருந்த பாட்டிக்கு ஏடிஎம் தெரியாததும் அப்படித்தான். ஆனால் கிராணியாக இருந்து பைசா பிசகாமல் கணக்கு எழுதிய மனிதர் கரண்ட் பில்லை இரண்டு முறை கட்டினால், சின்ன விஷயமாக இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

முழங்கால் வலி, கண்புரை, காது கேளாமை, மனச்சோர்வு இவற்றாலும் வேலைகள் நின்றுபோகும். அவசரமான ஒன்று: நேற்றுவரை தானாகச் சட்டை போட்டவர் இரண்டே நாளில் தடுமாறினால், மறதிநோய் முற்றிவிட்டது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். தொற்றோ புதிய மருந்தோ காரணமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

அடுத்த முறை கிளினிக்கில் அம்மாவையே பேச விட்டேன். "நான்தான் மூணு வேளையும் சமைக்கிறேன்" என்றார், நிமிர்ந்து உட்கார்ந்து. நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு வாரமாகப் பார்த்துக் குறித்து வைத்த தாளை நர்ஸிடம் முன்பே கொடுத்திருந்தேன்.