மூலங்களிலும் எண்ணடிகளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு இரசாயனமும் சாதாரண தர மாணவருக்குத் தகவல் தொழினுட்பமும் கற்பித்து வருகிறேன். முதலாவதில் அமிலத்தை நடுநிலையாக்கும் மூலங்களும் இரண்டாவதில் எண்களின் அடிகளும் வரும், இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'base' என்றே பெயர். நாங்கள் படித்த காலத்தில் விட்ட பிழைகளையே இன்றைய பிள்ளைகளும் ஒன்றுவிடாமல் விடுவதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். அமிலத்தைத் துளித்துளியாக அளந்துவிடும் அளவியைக் கழுவ மறப்பது, எண்ணின் அடியை மாற்றும்போது வகுத்து வந்த மீதிகளை மேலிருந்து கீழாக வாசிப்பது போன்றவற்றை எவரும் முதல் வாரத்திலேயே திருத்திவிடுவார்கள். அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

பீ.எச். பெறுமானத்தைக் கொண்டு மூலத்தின் அளவைக் கணித்தல்

ஆனையிறவு உப்பளத்துக்கு அண்மையில், பரந்தனில், ஒருகாலத்தில் உப்புக்கரைசலை மின்பகுத்துப் பெற்ற எரிசோடா, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு, ஒரு வன்மூலம், அதாவது கரைந்தது முழுவதும் அயன்களாகப் பிரிவது, அமோனியா சிறு பங்கு மட்டுமே அயன்களைத் தரும் மென்மூலம். 0.1 மோலார் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலின் பீ.எச். (கரைசல் எவ்வளவு அமிலம் அல்லது மூலம் என்று காட்டும் எண்) 13 ஆக இருக்க, அதே செறிவுள்ள அமோனியாக் கரைசலினது ஏறத்தாழ 11.1 ஆகும். ஒவ்வொன்றிலும் 25 மில்லிலீற்றர் எடுத்து, முழுமையாகத் தாக்கமடையச் செய்ய 0.1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், அமோனியாவுக்குக் குறைவாகவே போதும் என்று பாதி வகுப்பு சொல்லும். இரண்டுக்கும் 25 மில்லிலீற்றர்தான் வேண்டும்.

ஒரு மாணவி 11.1 என்ற பெறுமானத்திலிருந்து கணித்து, ஒரு மில்லிலீற்றரில் மூன்றிலொரு பங்கு போதும் என்ற முடிவோடு நியமிப்பை, அதாவது காட்டியின் நிறம் மாறும்வரை அமிலத்தை அளந்து விடுவதை, தொடங்கினாள். நிறம் மாறாதிருக்கவே அமிலத்தில்தான் பிழை என்று நினைத்து, அதை ஊற்றிவிட்டுப் புதிதாகத் தயாரித்தாள். இரசாயனப் பொருள்களை அளந்தளந்து பாவிக்கும் எங்கள் ஆய்வுகூடங்களில் அது சிறிய நட்டமன்று. அன்றைய பாடவேளையும் அதோடு போயிற்று.

அமோனியா மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்றைவிடச் சற்றுக் கூடுதலானவை மட்டுமே எந்தக் கணத்திலும் நீரிலிருந்து புரோத்தனைப் பெற்று ஐதரொட்சைட்டு அயனைத் தந்திருக்கும். அமிலம் அந்த அயன்களை அகற்ற அகற்றச் சமநிலை நகர்ந்து, எஞ்சிய அமோனியாவும் மிச்சமின்றித் தாக்கமடையும். பீ.எச். பெறுமானத்தை மட்டும் பார்ப்பவர், சங்கக்கடையின் முன்தட்டில் இருக்கும் மூட்டைகளை எண்ணிவிட்டுக் களஞ்சியத்தை மறப்பவர்.

எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுவது இதன் அடுத்த கட்டம். இந்த நியமிப்பின் சமவலுப்புள்ளி, அதாவது அமிலமும் மூலமும் சரியாகத் தீரும் இடம், பீ.எச். 5.3 அளவில் இருப்பதால் மெதையில் செம்மஞ்சளே பொருத்தமான காட்டி (நிறம் மாறி முடிவைக் காட்டும் பொருள்). பினோத்தலீனைப் பாவித்தால் இளஞ்சிவப்பு முன்கூட்டியே மெல்ல மெல்ல மங்கிவிடும், 25 மில்லிலீற்றருக்குக் குறைவான வாசிப்பு கிடைக்கும், உடனே மாணவர், "நான் சொன்னது சரிதானே, சேர்?" என்பார். பிழையான காட்டி பிழையான கருத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது.

மடக்கையின் அடியை மறத்தல்

பீ.எச். என்பது 10 ஐ அடியாகக் கொண்ட மடக்கை, அதாவது ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, என்பதால், 13 இலிருந்து 11 க்கு இறங்கினால் ஐதரொட்சைட்டு அயன்களின் செறிவு நூறில் ஒன்றாகிவிடும். கணிப்பானில் இயற்கை மடக்கைச் சாவியை அழுத்துவோரும் உண்டு: ஐதரொட்சைட்டுச் செறிவு 0.001 மோலாராக உள்ளபோது 3 வரவேண்டிய இடத்தில் 6.9 வரும், அதை 14 இலிருந்து கழித்தால், பீ.எச். 11 ஆன கரைசல் 7.1 என்று நடுநிலைக்கு அண்மையில் வந்து நிற்கும். விடையைப் பார்த்தும் சந்தேகம் எழாததுதான் வியப்பு.

குறைவாகக் கரைவதை மென்மூலம் எனல்

வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு. அது 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீரில் 1.7 கிராம் அளவே கரையும். ஆனால் கரைந்தது முழுவதும் அயன்களாகப் பிரிவதால் நிரம்பற் கரைசலின் பீ.எச். ஏறத்தாழ 12.4 ஆகும். சுண்ணாம்பு கூடி வாய் வெந்தவர்கள் அதை மென்மூலம் என்று சொல்லமாட்டார்கள்.

ஐதரொட்சில் கூட்டம் கண்டதெல்லாம் மூலம் எனல்

மதுசாரமான எதனோலில் ஐதரொட்சில் கூட்டம் (OH) உண்டு, ஆனால் அது மூலமன்று.

எண்ணின் அடியை எழுதாமல் விடுதல்

எண்ணின் அடி என்பது எத்தனை இலக்கங்களைக் கொண்டு எண்ணை எழுதுகிறோம் என்பது. 101 என்று மட்டும் எழுதினால் அது இரண்டின் அடியில் 5, எட்டின் அடியில் 65, பதினாறின் அடியில் 257. கீழே சிறிதாக எழுத வேண்டிய அந்த ஓர் எண்ணுக்குச் சோம்பற்பட்டுப் புள்ளிகளை இழப்பவர்கள், பெரும்பாலும் மாற்றும் முறையைச் சரியாகத் தெரிந்தவர்களே.

எட்டின் அடியில் 8 எழுதுதல்

அங்கே 0 முதல் 7 வரையான இலக்கங்களே உண்டு, 7 க்கு அடுத்தது 10.

துவிதப் பின்னம் முடியும்வரை பெருக்குதல்

தசமத்தில் 0.1 ஆன பின்னத்தைத் துவிதத்துக்கு, அதாவது இரண்டின் அடிக்கு, மாற்ற இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் 0.000110011… என்று முடிவின்றித் தொடரும். கேட்ட இலக்கங்களோடு நிறுத்தி, அண்ணளவு என்று குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.