வளவுக்குள்ளேயே சளிப்பூஞ்சணம்: தேடுவதும் படம் எடுப்பதும்

ஸ்லைம் மோல்ட் எனப்படும் சளிப்பூஞ்சணம் பார்க்கக் காட்டுக்குள் போகத் தேவையில்லை. உக்கிய கட்டையும் ஈரமும் உள்ள எந்த வளவும் போதும். இது காளான் அல்ல, அமீபாவின் உறவு. பற்றீரியாவைத் தின்றபடி மெல்ல ஊரும் ஒரே கலம். அந்த ஒரு கலமே உள்ளங்கை அளவுக்கும் வளரும். பிறகு ஊர்வதை விட்டு, விதை போன்ற நுண்தூளான வித்தியைப் பரப்பக் குட்டிக் குட்டித் தலைகளாக எழும்பும். 2010இல் ஜப்பானில் தோக்கியோவையும் சுற்றியுள்ள ஊர்களையும் ஓட்ஸ் துண்டுகளால் குறித்து இதை ஊரவிட்டுப் பார்த்தார்கள்; அங்குள்ள ரயில் பாதைகளோடு ஒப்பிடத்தக்க வலையை அது போட்டது. மூளையே இல்லாமல்!

முதலில் நாள் பாருங்கள். ஐப்பசி தொடங்கி தை வரை நல்ல காலம். பெருமழை விட்டு ஓரிரு நாள் கழித்து, காலையில் இறங்குங்கள். கோடையில் கிணற்றடி வாழைச்சருகைத் தவிர வேறு இடத்தில் மினக்கெட வேண்டாம்.

அடுத்தது இடம். விழுந்து கிடக்கும் பனங்குற்றி, தென்னங்குற்றி, விறகு அடுக்கின் அடி, வைக்கோல் போரின் ஓரம், கழற்றிப் போட்ட பழைய கிடுகு. கட்டையை அழுத்தினால் விரல் அமுங்க வேண்டும். கையால் புரட்டாதீர்கள், தடியால் புரட்டுங்கள். புடையனும் மட்டத்தேளும் அதே ஈரத்தைத்தான் தேடும். பார்த்து முடிந்ததும் கட்டையை இருந்தபடியே வையுங்கள். மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு. ஆகவே பழகிய வளவையும் பாதையையும் விட்டு விலக வேண்டாம். மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் எதுவும் வேண்டாம்.

இனி குந்துங்கள். நின்றபடி பார்த்தால் பெரிய மஞ்சள் ஒன்றுதான் தெரியும்: பியூலிகோ செப்டிகா, மஞ்சள் கரைத்து ஊற்றிவிட்டுப் போனது போல. மற்றவை மில்லிமீற்றர் கணக்கு. பகலிலும் ரோர்ச்சைச் சரித்துப் பிடித்து ஒரே கட்டையில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். இளஞ்சிவப்பு உருண்டைகள் லைக்கோகலா. உடைத்தால் உள்ளே அதே நிறக் களி, முற்றினால் சாம்பல் தூள். ஒன்றிரண்டு சென்றிமீற்றர் உயரத்தில் கபில நிறக் கொத்தாக நிற்பது ஸ்டெமோனிட்டிஸ். முற்றியதைத் தட்டினால் தூள் பறக்கும், தொய்வு உள்ளவர்கள் முகக்கவசம் போடுங்கள்.

படத்துக்குப் போனே போதும். கிளிப் போட்டு மாட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று கிடைத்தால் நல்லது. மேலிருந்து எடுத்தால் வெறும் புள்ளிகள்தான் வரும்; போனைக் கட்டையின் மட்டத்துக்கு இறக்கி, காம்பு தெரியப் பக்கவாட்டில் எடுங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் நிலத்தோடு ஒட்டி வரும். மணல் கட்டிய சிறு பையில் சாத்தி வைத்து, திரையை அழுத்திப் பிடித்து ஃபோக்கஸைப் பூட்டுங்கள். பிறகு இரண்டு விநாடி டைமர். இந்த நெருக்கத்தில் தெளிவாக விழும் ஆழம் மயிரளவுதான். அதனால் போனைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்திப் பல படம் எடுத்து, கூரானதை வைத்துக்கொள்ளுங்கள். போனின் ஃபிளாஷ் வேண்டாம், ஈரத்தில் வெள்ளைப் பொட்டாக அடிக்கும். ரோர்ச்சுக்கு முன்னால் ரிஷு பேப்பர் பிடித்து ஒரு பக்கத்தால் வெளிச்சம் விடுங்கள், எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். அப்புறம் பாருங்கள் வித்தியாசத்தை.

அதே கட்டைக்கு மாலையிலும் மறுநாளும் திரும்பப் போங்கள். வெள்ளையாகப் பொங்கி நின்ற ஸ்டெமோனிட்டிஸ் ஓரிரவில் கபிலமாகிவிடும். இரண்டு படமும் இருந்தால்தான் இனம் சொல்வது சுலபம்.

உயிரினப் படங்களைப் பகிர்ந்து இனம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடும்போது, அது வளர்ந்தது பாலைக் கட்டையிலா, பனையிலா, வைக்கோலிலா என்பதையும் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்து அளவு தெரிய ஒரு படமும் சேருங்கள். அப்படியும் பலவற்றுக்குப் பேரினம் வரைதான் சொல்லலாம். அதற்கு மேல் வித்தியை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும்.