வீட்டிலிருந்தே உயிர்வாழ் சான்று: ஓய்வூதியர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும்

ஓய்வூதியம் திடீரென்று நின்றுவிட்டால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வருடத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்று போய்ச் சேர்ந்திருக்காது. அதற்காக எண்பது வயதுக்காரரை ஆட்டோவில் ஏற்றி, வங்கியிலோ கருவூலத்திலோ மணிக்கணக்கில் உட்காரவைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. மத்திய அரசு 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்றைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் விரல் ரேகைக் கருவி தேவைப்பட்டது. வாழ்நாளெல்லாம் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி பல நேரம் ஏற்காது. 2021 நவம்பரில் முகத்தை வைத்தே சரிபார்க்கும் வசதி வந்தது. அதன்பிறகு நல்ல கேமரா உள்ள ஓர் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும்.

எப்போது கொடுப்பது?

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் மாதம். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியம், அதாவது இபிஎஸ் வாங்குபவர்கள் வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை இதற்கான நேர்காணல், அதாவது உயிரோடு இருப்பதைச் சரிபார்ப்பது, நடந்தது. இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதமே நேர்காணல் மாதம். குடும்ப ஓய்வூதியர்கள் தங்களுக்குரிய மாதத்தைக் கருவூலத்தில் கேட்டு, நாள்காட்டியில் வட்டம் போட்டுவிடுங்கள்.

படி 1: எடுத்து வைக்க வேண்டியவை

ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக், பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணை, கையில் ஒரு போன். பிபிஓ புத்தகம் பல வீடுகளில் பீரோவின் அடித்தட்டில், பழைய எல்ஐசி ரசீதுகளுக்கு நடுவே கிடக்கும். எடுத்ததும் முதல் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வையுங்கள், ஒவ்வொரு வருடமும் தேட வேண்டாம். ஆதாரில் இருக்கும் படம் மிகப் பழையது என்றால், ஆதார் மையத்தில் புதுப் படம் எடுத்துவிடுவது நல்லது. முகம் பொருந்தாமல் திரும்பத் திரும்பத் தோற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 2: இரண்டு செயலிகள்

பிளே ஸ்டோரில் 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமாண்' இரண்டையும் நிறுவுங்கள். முதல் செயலியைத் தேடித் திறக்க வேண்டியதில்லை. முகத்தைப் படம் பிடிக்கும்போது அது பின்னணியில் தானாக வேலை செய்யும். பெயர் ஒத்த போலிச் செயலிகளும் இருக்கலாம், வெளியிட்டவர் யார் என்று பார்த்து இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியே செயலியை நிறுவும் கோப்பு) மட்டும் தொடவே தொடாதீர்கள்.

படி 3: ஆபரேட்டர் பதிவு

புதிதாகச் செய்பவர்கள் குழம்புவது இங்கேதான். செயலி முதலில் கேட்பது ஓய்வூதியரின் விவரத்தை அல்ல, போனை இயக்குபவரின் விவரத்தை. மகளோ பேரனோ உதவுகிறார் என்றால் அவர்தான் ஆபரேட்டர். அவருடைய ஆதார் எண், கைபேசி எண், மின்னஞ்சல் கொடுத்து, ஓடிபி போட்டு, தன் முகத்தைக் காட்ட வேண்டும். ஓய்வூதியர் தானே செய்கிறார் என்றால் அவரே ஆபரேட்டராகலாம். இது ஒருமுறை செய்தால் போதும். அப்புறம் அதே போனில் அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுப் பாட்டி என எல்லாருக்கும் சான்று எடுத்துக் கொடுக்கலாம்.

படி 4: ஓய்வூதியர் விவரம்

இப்போது ஓய்வூதியரின் ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும். ஓடிபி வந்ததும் அடுத்த பக்கத்தில் பெயர், ஓய்வூதிய வகை, அனுமதித்த அதிகாரி, வழங்கும் அமைப்பு, பிபிஓ எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். அவசரப்படாமல் செய்யுங்கள். தவறான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சான்று உருவாகிவிடும், ஆனால் உரிய இடத்துக்குப் போகாது. இபிஎஸ் என்றால் அனுமதித்த அதிகாரி, வழங்கும் அமைப்பு இரண்டு இடத்திலும் இபிஎஃப்ஓ, அதாவது பி.எஃப். நிறுவனம். ராணுவ ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை இணைய அமைப்பின் வழியே வருகிறது என்றால் ஸ்பர்ஷ். வங்கி வழியே வரும் மத்திய அரசு ஓய்வூதியத்துக்கு அந்த வங்கியின் பெயர்.

மறுவேலையில் இருக்கிறீர்களா, மறுமணம் ஆனவரா என்றும் இரண்டு கேள்விகள் வரும். இரண்டில் எதற்காவது 'ஆம்' என்றால் டிஜிட்டல் சான்று கிடைக்காது. நேரில்தான் கொடுக்க வேண்டும்.

படி 5: முகம் காட்டுதல்

வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காரவையுங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பின்னால் வெறும் சுவர் இருந்தால் நல்லது. திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகம் வந்ததும் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். வயதானவர்கள் "போட்டோ எடுக்கிறாங்க" என்று நினைத்து இமைக்காமல் விறைத்துப் பார்ப்பார்கள். "தாத்தா, கண்ணை மெதுவா மூடித் திறங்க" என்று பக்கத்திலிருந்து சொன்னால் முடிந்துவிடும். இரண்டு மூன்று முறை தோற்றால் விட்டுவிட்டு, காலை வெயில் வந்த பிறகு முயன்று பாருங்கள்.

படி 6: முடிந்ததா என்று பார்த்தல்

வெற்றி என்று வந்ததும் பிரமாண் ஐடி குறுஞ்செய்தியில் வரும். அதை எழுதி வையுங்கள். ஜீவன் பிரமாண் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டு சான்றை இறக்கலாம். ஆனால் சான்று உருவானது வேறு, அது ஏற்கப்பட்டது வேறு. சில நாள் கழித்து நிலையைப் பாருங்கள். நிராகரித்திருந்தால் விவரத்தைத் திருத்திப் புதிதாக எடுங்கள். போன வருட ஐடி இந்த வருடத்துக்குச் செல்லாது.

போன் வசதி இல்லாதவர்கள் தபால்காரரிடம் சொல்லலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி சார்பில் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார்கள், வழக்கமான கட்டணம் 70 ரூபாய்.

"லைஃப் சர்டிபிகேட் காலாவதியாகிவிட்டது, ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். எந்தக் கருவூலமும் வங்கியும் அப்படிக் கேட்காது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அப்படியே இதையும் பாருங்கள்

பிபிஓ கையில் இருக்கும்போதே பிறந்த தேதியைச் சரிபாருங்கள். மத்திய அரசு, தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியருக்கும் இது உண்டு. அம்மாவின் பிறந்த தேதி ஆவணத்தில் இல்லாததால் இந்தத் தொகை வராமலே போகும் வீடுகள் இருக்கின்றன. அதைப் பதியச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று கம்யூடேஷன். ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கியிருந்தால், மாதாமாதம் பிடிக்கும் தொகை 15 ஆண்டுகளில் நிற்க வேண்டும். 2011 ஜூனில் பிடித்தம் தொடங்கியிருந்தால் 2026 மே மாதத்தோடு கெடு முடிகிறது. அடுத்த மாதப் பட்டியலிலும் பிடித்தம் தொடர்ந்தால், பிபிஓ நகலை இணைத்து, முழு ஓய்வூதியத்தைத் திரும்ப வழங்கும்படி வங்கிக்கோ கருவூலத்துக்கோ ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.