க்ளாக்: கோட் வரிகளைச் சரியாக எண்ணுவது எப்படி

ஒரு புராஜெக்ட்டில் எந்த மொழியில் எத்தனை வரி கோட், எத்தனை வரி கமென்ட் (கோடுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு), எத்தனை வெற்று வரி என்று பிரித்துச் சொல்லும் டெர்மினல் கருவி க்ளாக். பெயரைச் சி-எல்-ஓ-சி என்று நான்கே எழுத்தில் அடிக்க வேண்டும். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

உபுண்டுவில் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் க்ளாக்", மேக்கில் "ப்ரூ இன்ஸ்டால் க்ளாக்".

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் "க்ளாக் ." என்று அடித்தால் அட்டவணை வந்துவிடும். அந்த முதல் எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள். நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டர் அங்கே இருந்தால், பிறர் எழுதிய லைப்ரரி வரிகளும் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும்.

கோட் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு நல்ல வழி "க்ளாக் --விசிஎஸ்=கிட்". கிட்டிடமே ஃபைல் பட்டியலைக் கேட்டு வாங்குவதால், கிட்-இக்னோரில் (கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியலில்) உள்ளவை தாமாகவே விலகும். ஆனால் இன்னும் "கிட் ஆட்" கட்டளையால் கிட்டில் சேர்க்காத புது ஃபைலும் எண்ணப்படாது. எழுதிய ஃபைலைக் கணக்கில் காணவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அப்போதும் ஜேசன் (ஒரு தரவு வடிவம்) வரிகள் மலைபோல் நின்றால் காரணம் பெரும்பாலும், லைப்ரரி பதிப்புகளைத் தானாகக் குறித்து வைக்கும் பேக்கேஜ்-லாக் ஃபைல்தான். "--நாட்-மேட்ச்-எஃப்=பேக்கேஜ்-லாக்" சேர்த்தால் போய்விடும். ஃபோல்டரை விலக்க "--எக்ஸ்க்ளூட்-டிர்" இருக்கிறது. அதற்கு வெறும் பெயர்தான் கொடுக்க வேண்டும், சாய்கோடு போட்ட பாதை வேலை செய்யாது. பல பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி மட்டும், இடைவெளி கூடாது. வேறெதை நம்பினாலும், ஃபைல் வாரியாக எண்ணைக் காட்டும் "--பை-ஃபைல்" போட்டுப் பெரிய ஃபைல்களைக் கண்ணால் பார்க்காமல் மொத்தத்தை நம்ப வேண்டாம்.

எண் குறைவாக வந்தால்? ஒரே உள்ளடக்கம் கொண்ட ஃபைல்களை க்ளாக் ஒருமுறைதான் எண்ணும். எல்லாம் வேண்டுமென்றால் "--ஸ்கிப்-யூனிக்னெஸ்". பைத்தானின் டாக்ஸ்ட்ரிங் (கோடுக்குள் மேற்கோளில் எழுதும் விளக்கம்) கமென்ட்டாகவே கணக்காகும். மேற்கோளுக்குள் சாய்கோடும் நட்சத்திரமும் சேர்ந்து வந்தால், அதைக் கமென்ட்டின் தொடக்கம் என்று நினைத்து அடுத்த வரிகளையும் விழுங்கிவிடலாம், அதற்கு "--ஸ்ட்ரிப்-எஸ்டிஆர்-கமென்ட்ஸ்". எந்த ஃபைல் ஏன் விடுபட்டது என்று அறிய "--இக்னோர்ட்=விடுபட்டவை" கொடுங்கள், காரணத்தோடு அந்தப் பெயரிலான ஃபைலில் எழுதி வைக்கும்.

அறிக்கைக்கு "--சிஎஸ்வி --அவுட்=அறிக்கை" போதும். இரண்டு வெளியீடுகளை ஒப்பிட "க்ளாக் --கிட் --டிஃப்" என்று அடித்து இரண்டு டேக் (வெளியீட்டுக்குக் கிட்டில் இட்ட அடையாளப் பெயர்) பெயர்களையும் தாருங்கள். மாறாதவை, மாறியவை, சேர்ந்தவை, நீங்கியவை என நான்காகப் பிரித்துக் காட்டும். மாதாமாதம் அறிக்கை எடுப்பவர்கள் இதே விருப்பங்களோடு (கட்டளையில் "--" போட்டுச் சேர்ப்பவை) கட்டளையை ஒரு ஸ்கிரிப்ட்டில் போட்டு ரெப்போவிலேயே (புராஜெக்ட்டின் கிட் களஞ்சியத்திலேயே) வைக்கவும். ஒரு விருப்பம் மாறினாலும் பழைய எண்ணோடு புது எண்ணை ஒப்பிட முடியாது.