பாதி நனைந்த டிராக்: அமெச்சூர் ரேசர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்தில் கார் ஓட்டியவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. காலைப் பயிற்சியில் டிராக் கொதிக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் மேற்கே கருமேகம் திரளும். மாலை ரேசுக்குக் கார்கள் கிரிட்டில் (ஸ்டார்ட் வரிசையில்) வந்து நிற்கும்போது தூறல் ஆரம்பிக்கும். மெயின் ஸ்ட்ரெய்ட் நனைந்திருக்கும், பின்பக்க வளைவுகள் காய்ந்தே கிடக்கும். 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட அந்தத் தடத்தில், ஒரே லேப்பில் (சுற்றில்) இரண்டு மூன்று விதமான தரையைச் சந்திக்க வேண்டியிருக்கும்.

டிராக் முழுக்க நனைந்திருந்தால் எல்லோரும் ஜாக்கிரதையாக ஓட்டுவார்கள். சுழன்று போய் சுவரில் இடிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பாதி ஈரத்தில்தான். தரை மாறியிருக்கும், ஓட்டுபவரின் மனதிலுள்ள கணக்கு மாறியிருக்காது. காலையில் எந்த இடத்தில் பிரேக் அடித்தோம், எந்த கியரில் திரும்பினோம், என்ன டைமிங் வந்தது என்ற நினைவோடு மாலை ரேசுக்கு இறங்குவார்கள். கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி அந்த நினைவிலிருந்து முளைப்பவை.

வானத்தைப் போனில் மட்டும் பார்ப்பது

முதல் தவறு காரில் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. "மழை வாய்ப்பு 40 சதவீதம்" என்று ஆப்பில் பார்த்துவிட்டு அதை நம்பி டயரை முடிவு செய்வார்கள். உங்கள் ரேஸ் நடக்கப்போகும் இருபது நிமிடத்தைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. தென்மேற்குப் பருவ மாதங்களில் சென்னை வட்டாரத்துக்கு மாலை மழை தரும் இடிமேகங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து நகர்ந்து வருபவை. ராணிப்பேட்டை, அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கம் என்ன நடக்கிறது என்று வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படத்தில் அடிக்கடி பாருங்கள். மேகத்திரள் எந்தப் பக்கம் நகர்கிறது, வலுக்கிறதா கரைகிறதா என்பது அடுத்தடுத்த படங்களிலேயே பிடிபடும்.

கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நிலைமை வேறு. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரல் வரும், கொஞ்ச நேரம் தூவிவிட்டுப் போகும், அதே காற்று தரையையும் உலர்த்திவிடும். அங்கே ரேடாரைவிட, மேற்கே பார்த்து நிற்கும் அனுபவமுள்ள ஒரு ஆள் உதவுவார்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, போட்டியின் துணை விதிகளைப் படிக்காமல் வருவது. தகுதிச்சுற்று முடிந்தபின் காரில் எதைத் தொடலாம், 'வெட் ரேஸ்' என்று அறிவித்தால் எதை மாற்றலாம், டயர் மாற்ற எவ்வளவு நேரம் தருவார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மழை விழுந்தபின் அதிகாரிகளைத் தேடி ஓடிக் கேட்க நேரம் இருக்காது.

டயரும் காற்றும்

மாறும் வானிலையில் அமெச்சூர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். ஸ்லிக்கா (காய்ந்த தரைக்கான, பள்ளமில்லாத டயர்), வெட் டயரா (தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் உள்ளது) என்ற கேள்விக்கு எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், காற்றழுத்தத்தை மறந்துவிடுவார்கள். ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஒரே வகை டயரோடு ஓடும் பிரிவுகளில் உங்கள் கையில் இருப்பதே காற்று மட்டும்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) சுற்றுவட்டத்தில் இருக்கும் டயரில், உள்ளே உள்ள காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். உங்கள் டயர் சூடானபின் 32-ல் நன்றாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் சில லேப் ஓடியதும் உள்ளே 50 டிகிரி கூடும், ஏழு பிஎஸ்ஐ ஏறும்; அதனால் கிளம்பும்போது 25 வைக்கிறீர்கள். அதே 25-ஐ வைத்துக்கொண்டு மழையில் இறங்கினால் தண்ணீர் டயரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். 20 டிகிரிதான் கூடும், மூன்று பிஎஸ்ஐ ஏறி 28-ல் நின்றுவிடும். வேண்டியதைவிட நான்கு குறைவு. டயரின் பக்கச்சுவர் தளர்ந்து, ஸ்டீயரிங் திருப்பியபின் கார் யோசித்து யோசித்துத் திரும்பும். அந்த மெதுவான பதிலை 'மழை, அதனால் வழுக்குகிறது' என்று நினைத்துக்கொண்டு ரேஸ் முழுவதும் ஓட்டிவிடுபவர்கள் உண்டு.

தேங்கிய நீரில் இது இன்னும் மோசமாகும். டயரின் பள்ளங்கள் வெளியேற்ற முடியாத அளவு தண்ணீர் இருந்தால், 30 பிஎஸ்ஐ உள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் நீரின்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். அழுத்தம் குறையக் குறைய அந்த வேகமும் குறையும். வெட் டயரில் ஓரிரு பிஎஸ்ஐ கூட வைத்து அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பேடாக்கில் (கார்களை நிறுத்தித் தயார்செய்யும் இடத்தில்) கார் நிற்கும்போது ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருக்கும். மெக்கானிக் நான்கு டயரிலும் கேஜை வைத்து 25 என்று சமமாக்கிவிட்டு, "சார், நாலும் ஓகே" என்பார். அந்த நேரத்துக்கு அது சரிதான். ஆனால் வெயில் பட்ட பக்கம் ஏற்கெனவே சூடாக இருந்ததால் அங்கே உண்மையில் காற்று குறைவாக இருக்கிறது. டிராக்கில் இறங்கி எல்லா டயரும் ஒரே வெப்பத்துக்கு வந்ததும் இடமும் வலமும் வேறுபடும். நான்கு சக்கரமும் நிழலில் இருக்கும்படி நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, அதன்பிறகு அளக்கச் சொல்லுங்கள். மழை நின்று டிராக் காயத் தொடங்கினால், ஏற்றிய காற்றை இறக்க மறக்காதீர்கள்.

ஸ்லிக்கா வெட்டா என்ற முடிவுக்கு வருவோம். 2021 ரஷ்ய கிராண்ட் பிரீயில், சோச்சியில், கடைசிச் சில லேப்களில் மழை தொடங்கியபோது லாண்டோ நாரிஸ் முன்னிலையில் இருந்தார். காய்ந்த தரைக்கான டயரிலேயே முடித்துவிடலாம் என்று வெளியே இருந்தார். லூயிஸ் ஹாமில்டன் அணியின் முதல் அழைப்பை ஏற்காமல், அடுத்த லேப்பில் பிட்டுக்குப் (டயர் மாற்றும் இடத்துக்குப்) போய் இன்டர்மீடியட் (இலேசான ஈரத்துக்கான டயர்) மாட்டினார். மழை வலுத்தது, நாரிஸ் வழுக்கித் தடத்தை விட்டு வெளியே போனார், ஹாமில்டன் தன் நூறாவது வெற்றியை எடுத்தார். பிட் சுவரில் ஒரு கூட்டமே ரேடாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபார்முலா 1-லேயே இந்த நிலை என்றால், ரேடியோகூட இல்லாத கிளப் ரேசில் காருக்குள் இருந்தபடி சரியாக முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்பே நிபந்தனையைப் பேசி வைத்துவிடுங்கள்: இந்த வளைவில் தண்ணீர் தேங்கினால் உள்ளே வருவேன், இத்தனை லேப்தான் மிச்சம் என்றால் வரமாட்டேன். அதன்பிறகு அதை மாற்றாதீர்கள்.

உலர்ந்த லைனைப் பிடித்துத் தொங்குவது

வெயிலில் கிரிப் (தரைப்பிடிப்பு) தருகிற ரேசிங் லைன், அதாவது எல்லோரும் வேகமாகப் போகும் வழக்கமான தடம்தான், மழையில் முதலில் காலை வாரும். அங்கேதான் ரப்பர் படிந்திருக்கிறது, எண்ணெய் சொட்டியிருக்கிறது, ஆயிரக்கணக்கான முறை டயர் தேய்த்துத் தரை வழவழப்பாகியிருக்கிறது. நீண்ட வெயிலுக்குப் பின் விழும் முதல் தூறல் இந்த ரப்பரையும் தூசியையும் எண்ணெயையும் கிளப்பிவிடும். பலத்த மழை கழுவிவிட்ட டிராக்கைவிட அந்த முதல் சில நிமிடங்கள் ஆபத்தானவை.

ஆகவே ஈரத்தில் லைனை மாற்ற வேண்டும். பிரேக் அடிக்கும்போதே வழக்கமான தடத்திலிருந்து ஒரு கார் அகலம் விலகி, சொரசொரப்பான தாருக்குப் போங்கள். வளைவின் உள்முனையைத் தொடாமல் வெளிப்பக்கமாகச் சுற்றி, காரைச் சீக்கிரம் நேராக்கிவிட்டு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். பெயின்ட் அடித்த கெர்ப் (தடத்தின் ஓரத் திண்டு), கிரிட்டில் போட்ட வெள்ளைக் கோடு, இரண்டிலும் சக்கரம் ஏறக்கூடாது. ஒரு கியர் கூட வைத்துத் திரும்பினால் பின்சக்கரம் வெடுக்கென்று நழுவாது.

இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் தவறுவது மழை நின்ற பிறகு. காயும்போது அதே ரேசிங் லைன்தான் முதலில் காயும், ஏனென்றால் கார்கள் போய்ப்போய் அங்கேதான் தண்ணீரை விரட்டுகின்றன. அரை மணி நேரம் ஈர லைனில் ஓட்டிப் பழகியவர் அதிலேயே தொடர்ந்து ஓட்டுவார்; பக்கத்தில் ஒரு கார் அகலத்துக்குக் காய்ந்த பட்டை உருவாகியிருப்பதைக் கவனிக்கமாட்டார். கவனித்தவரோ அதில் முழு வேகத்தில் போய், முந்துவதற்காக ஒரு சக்கரத்தை ஈரத்தில் வைத்து அங்கேயே சுழன்றுவிடுவார். காய்ந்த பட்டையை விட்டு விலகி முந்த வேண்டுமென்றால் பிரேக்கை முன்னதாகவே, கார் நேராக இருக்கும்போதே அடித்து முடித்துவிட வேண்டும். வெட் டயரோடு காயும் தரையில் மாட்டிக்கொண்டால், ஸ்ட்ரெய்ட்டில் ஈரம் மிச்சமிருக்கும் ஓரமாக ஓட்டி டயரைக் குளிர்வியுங்கள். இல்லையென்றால் பள்ளங்களுக்கு நடுவே உள்ள ரப்பர் சூடேறிப் பிய்ந்துவிடும்.

மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் உள்ள கொடியைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. தரை வழுக்கும் என்பதற்காக மார்ஷல்கள் (தடத்தோரப் பணியாளர்கள்) அதைக் காட்டுவார்கள். சில லேப் கழித்து உள்ளே எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டதாலேயே தரை சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்கள் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டீர்கள், இனி உங்கள் பொறுப்பு என்றுகூட இருக்கலாம்.

பிரேக் பேலன்ஸை மாற்றிவிட்டு மறப்பது

ஈரத்தில் கார் அவ்வளவு வேகமாக நிற்காது, எடை முன்பக்கம் அவ்வளவாகச் சாயாது. அதனால் முன்சக்கரங்கள் சீக்கிரம் லாக் ஆகும் (சுழலாமல் நின்று வழுக்கும்). ஃபார்முலா கார்களில் பிரேக் பேலன்ஸை (முன், பின் சக்கரங்களுக்கிடையே பிரேக் விசையைப் பங்கிடும் அளவை) கொஞ்சம் பின்பக்கம் தள்ளுவது இதற்காகத்தான். ஆனால் தரை காய்ந்தபின் அதை முன்னுக்குக் கொண்டுவராவிட்டால், நன்றாகக் கிரிப் கிடைக்கும் முதல் பெரிய பிரேக்கில் பின்சக்கரம் லாக் ஆகி கார் திரும்பிக்கொள்ளும். பேலன்ஸ் குமிழை எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்பதை ஸ்டீயரிங்கில் ஒட்டிய டேப்பில் எழுதி வையுங்கள்.

சஸ்பென்ஷன் முழுவதையும் மழைக்கென்று மாற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. நாள் முழுக்க மழை என்று உறுதியாகத் தெரிந்தால் ஆன்டிரோல் பாரைத் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியைத்) தளர்த்தலாம். வந்து போகும் மழைக்கு டயர் காற்றும் பிரேக் பேலன்ஸும் போதும்.

கண்ணும் காலும்

மழைக் காற்றின் ஈரப்பதத்தில் ஹெல்மெட்டின் வைசர் (முகக் கண்ணாடி) சில நொடிகளில் பனித்துவிடும். அதைத் தடுக்கும் திரவமோ உட்படலமோ ரேஸ் நாளில் தேடுகிற பொருளல்ல. வைசர்மேல் கிழித்தெறியும் படலங்களை அடுக்கி ஒட்டியிருந்தால் மழையில் அவற்றை எடுத்துவிடுங்கள். நடுவில் தண்ணீர் புகுந்தால் ஒன்றும் தெரியாது. ஹீட்டரைக் கழற்றிவிட்ட சலூன் கார்களில் முன்கண்ணாடிக்கும் இதே கவலைதான்.

காலணி இன்னொன்று. தேங்கிய தண்ணீரில் நடந்து வந்து அப்படியே காரில் ஏறினால், மெல்லிய ரேசிங் ஷூவின் ஈரமான அடிப்பாகம் பிரேக் பெடலிலிருந்து வழுக்கும். ஷூவின்மேல் பிளாஸ்டிக் பை மாட்டி கார் வரை நடந்து, உட்காரும்போது கழற்றுங்கள். பெடலையும் ஒருமுறை துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ரேசிங் சூட் தொப்பலாக நனைந்திருந்தால் தீயில் அந்த ஈரமே ஆவியாகி உடலைச் சுடும். மாற்று உள்ளாடை, கையுறை, சாக்ஸ் கட்டாயம் இருக்கட்டும். மழை பெய்கிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் சூட்டுக்குள் வியர்வை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தகுதிச்சுற்றில் காத்திருப்பது, புல்லில் பதறுவது

மேகம் நெருங்குகிறது என்றால் பிட் லேன் திறந்ததும் முதல் ஆளாக வெளியே போய் ஒரு சுத்தமான லேப் போட்டுவிட வேண்டும். மழை நின்று காய்ந்துகொண்டிருந்தால் நேர்மாறு: கடைசி இரண்டு நிமிடங்களுக்கு டயரைப் பத்திரமாக வைத்திருங்கள், கொடி விழும்போது நீங்கள் லேப்பில் இருக்க வேண்டும். இரண்டு நிலைமையிலும் எல்லோரும் போகும்போது போகலாம் என்று உட்கார்ந்திருப்பவர் பின்வரிசையில் நிற்பார், மறுநாள் எல்லோருடைய நீர்த்திவலைக்குள்ளும் ஓட்டுவார்.

தடத்தை விட்டு வெளியே போக நேர்ந்தால் பதறித் திரும்பி ஏற முயல்வதுதான் பெரிய விபத்தாகிறது. ஈரப் புல்லில் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் வேலையில்லை. சக்கரத்தை நேராக வைத்து வேகம் தானாகக் குறையவிடுங்கள். திருப்பி வைத்த சக்கரத்தோடு தாரில் ஏறினால் ஒரே நொடியில் கிரிப் கிடைத்து கார் எதிர்ப்பக்கச் சுவரை நோக்கிப் பாயும். ஏறும்முன் மார்ஷலைப் பாருங்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் கார் தெரிகிறதா என்பது பின்பக்க மழை விளக்கைப் பொறுத்தது. அது எரியாத காரை வெளியே எடுக்கவே கூடாது.

சனிக்கிழமை நனைந்த காரை அப்படியே மூடிபோட்டு விட்டுப் போவதும் தவறுதான். மின் இணைப்புகளைக் கழற்றிக் காற்றடித்து உலர்த்துங்கள், சக்கரங்களைக் கையால் சுழற்றி பேரிங் சத்தம் கேளுங்கள், டயர் பள்ளங்களில் சிக்கிய கல்லையும் புல்லையும் எடுங்கள். பிரேக் பேலன்ஸ் எந்தச் சுற்றில் நிற்கிறது, டயர்களில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். ஞாயிறு காலை வெயில் அடித்தால் மெக்கானிக் முதலில் மாற்ற வேண்டியவை அவை இரண்டும்தான்.