டோட்டல் ரீகால்: கனவா, நிஜமா? வாதத்தில் இறங்கும் முன் செய்ய வேண்டியவை

1990-ல் வந்த டோட்டல் ரீகால் படம் பற்றிப் பேச்செடுத்தால் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்: செவ்வாயில் நடந்ததெல்லாம் நிஜமா, இல்லை நாயகன் அர்னால்டு, பொய் நினைவு ஏற்றும் நாற்காலியில் சாய்ந்தபடியே கண்ட கனவா? புதிதாக வருபவர்கள் முடிவில் திரை வெள்ளையாவதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். அது போதாது. படத்தை மறுபடி ஓடவிட்டு, கையில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். (இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள், முடிவு உட்பட எல்லாமே வரப்போகிறது.)

படி 1: பிரியும் இடத்தைக் குறியுங்கள்

கட்டட வேலை பார்க்கும் க்வெய்ட் (அர்னால்டு), ரீகால் என்ற நிறுவனத்தில் பொய் நினைவு வாங்கப் போகிறான். மருந்து ஏறி அவன் கண் சொருகும் நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். கனவு என்றால் அங்கேதான் தொடங்கியாக வேண்டும், அதற்கு முன்னால் வருவது இரண்டு கட்சிக்கும் பொது.

படி 2: விற்பனையாளர் பேச்சை எழுதிக்கொள்ளுங்கள்

சிரிக்கச் சிரிக்கப் பேசும் அந்த ஆள் என்ன வாக்குக் கொடுக்கிறார் என்று கவனியுங்கள்: நீ ரகசிய உளவாளி, உன்னைக் கொல்லத் துரத்துவார்கள், முடிவில் பெண் கிடைப்பாள், வில்லன்கள் சாவார்கள், ஒரு கிரகத்தையே காப்பாற்றியிருப்பாய். அப்புறம் க்வெய்ட் மயங்கும் நேரத்தில் டெக்னீஷியன் ஒருவர், செவ்வாயில் நீல வானமா, இது புதுசா இருக்கே என்கிற மாதிரி ஒரு வார்த்தை போகிறபோக்கில் விடுவார், அதையும் எழுதுங்கள். படம் முடிந்ததும் ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள். ஒன்றுகூட விடுபடாது.

படி 3: ஓட்டல் அறைக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

சண்டையின் மையமே இதுதான். செவ்வாயில் க்வெய்ட் தங்கியிருக்கும் அறைக்கு, ரீகாலின் ஆள் என்று சொல்லிக்கொண்டு டாக்டர் எட்ஜ்மார் கதவைத் தட்டி வந்து, நீ இன்னும் ரீகாலில்தான் கிடக்கிறாய், இந்தச் சிவப்பு மாத்திரையை விழுங்கினால் எழுந்துவிடலாம் என்கிறார். க்வெய்ட் துப்பாக்கியை அவர் பக்கம் நீட்டியபடியே மாத்திரையை வாயில் போட்டுவிட்டான். அப்போது எட்ஜ்மார் முகத்தில் ஒரு வியர்வைத் துளி இறங்குகிறது. கனவுக்குள் பேச வந்த ஆளுக்குத் துப்பாக்கியைக் கண்டு ஏன் வியர்க்க வேண்டும்? க்வெய்ட் சுட்டுத் தள்ளிவிட்டு மாத்திரையைத் துப்புகிறான்.

நிஜக் கட்சிக்காரர்கள் இந்தத் துளியைத்தான் துருப்புச் சீட்டாக இறக்குவார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய சாட்சியாகப் படவில்லை, ஏனென்றால் உளவாளிக் கதை கேட்டுக் காசு கொடுத்தவனுக்கு எவனைப் பார்த்தாலும் சந்தேகம் வருவதும் அந்தக் கதையில் அடக்கம்தானே. அதைவிட, சாவதற்கு முன் எட்ஜ்மார் சொன்னதைக் கேளுங்கள்: என்னைச் சுட்டால் நிஜத்தின் சுவர்கள் இடிந்து விழும், ஒரு நிமிடம் புரட்சிக்காரர்களின் ரட்சகன் ஆவாய், அடுத்த நிமிடம் கொஹாகனின் (செவ்வாயை ஆளும் வில்லன்) நெருங்கிய நண்பன் ஆவாய், கடைசியில் உன் மூளையைத்தான் வெட்டுவார்கள். சுட்ட கொஞ்ச நேரத்தில் அறைச் சுவரை உடைத்துக்கொண்டு ஆட்கள் பாய்கிறார்கள்! மீதியும் வரிசையாக நடக்கிறது, மூளை வெட்டைத் தவிர. முடிவில் வரும் அந்த வெள்ளைத் திரைதான் மூளை வெட்டு என்பது கனவுக் கட்சியின் வாதம்.

படி 4: எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்யுங்கள்

க்வெய்ட் இல்லாத இடத்தில் கொஹாகனும் அவனுடைய அடியாள் ரிக்டரும் பேசிக்கொள்ளும் காட்சிகள் வருகின்றன. கனவு காண்பவன் பார்க்காததைக் கனவு எப்படிக் காட்டும்? நல்ல கேள்விதான், ஆனால் கனவை முழுக்க ஒருவர் கண்வழியாகவே காட்ட வேண்டும் என்று சினிமாவில் சட்டம் எதுவும் இல்லை.

நிஜமாகவே தலையைச் சுற்ற வைப்பது, செவ்வாயில் க்வெய்ட்டோடு சேரும் புரட்சிக்காரி மெலினாவின் முகம். படத்தின் முதல் காட்சியிலேயே, ரீகாலுக்குப் போவதற்கு முன்பே, க்வெய்ட் கனவில் அவள் வருகிறாள், ஆகவே அழிக்கப்பட்ட பழைய நினைவின் மிச்சம் அது என்று நிஜக் கட்சி சொல்லலாம். சரி, அப்படியானால் ரீகால் கம்ப்யூட்டர் திரையில் அதே முகம் எப்படி வந்தது? இரண்டு கட்சியும் இந்த இடத்தில் திணறும். உங்கள் விளக்கம் இதைத் தாண்டுகிறதா என்று முதலில் வீட்டிலேயே சோதித்துவிட்டு வாருங்கள்.

படி 5: இயக்குநர் சொன்னதைக் கடைசியில் வையுங்கள்

பால் வெர்ஹோவன் டிவிடி விளக்க உரையில் கனவுப் பக்கம்தான் சாய்கிறார். அதை முதலிலேயே போட்டால் பேச்சு அதோடு செத்துவிடும். 2012 ரீமேக்கை இழுக்காதீர்கள், அதில் ஆட்கள் செவ்வாய்க்கே போகவில்லை.