டிராக்டருக்குக் குழி தோண்டும் மெஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் மண்ணைப் பாருங்கள்

குழி எடுக்கிற மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து எத்தனை இன்ச் என்று கேட்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால், என்ன வேலைக்கு, எந்த மண்ணில் என்ற இரண்டையும் வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுப் போவது நல்லது. வேலி போடக் கல்லுக்கால் நடுவதற்கும் தென்னங்கன்று வைப்பதற்கும் ஒரே ஆகர் (மண்ணைக் குடைந்து எடுக்கிற சுருள் தண்டு) சரிப்படாது.

வேலிக்கு என்றால் 9 இன்ச் அல்லது 12 இன்ச் ஆகர் போதும். கால் நின்றபிறகு சுற்றிலும் கல்லும் மண்ணும் போட்டு இடிக்கக் கொஞ்சம் இடம் இருந்தால் சரி, அதற்கு மேல் அகலம் வைத்தால் கால்தான் ஆடும். மரக்கன்றுகளுக்குக் கணக்கு வேறு. தென்னைக்கு 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம் என்று சொல்வார்கள், அது 27 கன அடி. 24 இன்ச் ஆகரை 3 அடி ஆழம் இறக்கினால் வெளியே வருவது ஏறத்தாழ 9.5 கன அடிதான், அதாவது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். மீதியை மண்வெட்டியும் கடப்பாரையும் வைத்து எடுக்க வேண்டும், அதற்கான ஆள்கூலியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு குழி போட்டு இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள், வேண்டாம். ஆகர் பழைய குழிப் பக்கமே சரியும், அந்தச் சாய்வுப் பாரம் முழுக்க கியர் பாக்ஸ் ஷாஃப்டில்தான் விழும்.

அகலம் இரண்டு மடங்கானால் மண் நான்கு மடங்கு. 12 இன்ச் குழியைச் சுலபமாக எடுக்கிற டிராக்டர் 24 இன்ச்சில் திணறுவது இதனால்தான். பொதுவாக 12 இன்ச் வரை 35 ஹெச்.பி. வண்டி சமாளித்துவிடும், 24 இன்ச்சுக்கு 45, 50 ஹெச்.பி. இருந்தால் நிம்மதி. இன்னொன்று, வண்டியின் மேல் எழுதியிருப்பது இன்ஜின் ஹெச்.பி., பி.டி.ஓ.வுக்கு (மெஷினைச் சுழற்ற டிராக்டரின் பின்னால் இருக்கும் தண்டு) வந்து சேர்வது அதைவிடக் குறைவு, ஆகவே கடைக்காரரிடம் பி.டி.ஓ. ஹெச்.பி.யைச் சொல்லியே கேளுங்கள். ரிவர்ஸ் பி.டி.ஓ., அதாவது பின்பக்கமாகவும் சுழலும் பி.டி.ஓ. உள்ள வண்டி என்றால் ஆகர் இறுகி மாட்டிக்கொள்ளும்போது பெரிய உதவி. அது இல்லாதவர்கள் ஹைட்ராலிக்கை முழுசாகத் தூக்கி இழுத்துப் பார்ப்பார்கள், மெஷினை மேலே வண்டியோடு பிணைக்கிற டாப் லிங்க் கம்பி வளைவதுதான் மிச்சம். இன்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரிய பைப் ரெஞ்ச் போட்டு ஆகரைப் பின்பக்கமாகத் திருப்பி எடுப்பதுதான் முறை.

இந்த மெஷினுக்குக் கீழே அழுத்தும் சக்தி கிடையாது, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினை மாட்டுகிற மூன்று பாயிண்ட் லிஃப்ட் (டிராக்டரின் பின்பக்கத் தூக்கி) தூக்கும், இறக்கும், ஆனால் அழுத்தாது. ஆகர் தன் எடையாலும் முனையின் கூர்மையாலும்தான் மண்ணுக்குள் போகிறது. வண்டல், மணல் கலந்த செம்மண் என்றால் கவலையில்லை. சரளையும் சுக்கான்கல்லும் கிடக்கிற காட்டில் முனையும் பிளேடும்தான் வேலையை முடிவு செய்யும். அங்கே பிளேடு போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், வெல்டிங்கில் ஒட்டியது தேய்ந்தால் ஒவ்வொரு முறையும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கல் அதிகமென்றால் கார்பைடு பல் (சுலபத்தில் தேயாத கெட்டியான பல்) வைத்த ஆகர் கேட்டுப் பாருங்கள். அடியில் தொடர்பாறை இருக்கிற நிலத்துக்கு இந்த மெஷினே வேண்டாம், காசு வீண்.

கரிசல், களிமண் காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈரமாக இருக்கும்போது குழி எடுத்தால் ஆகர் சுழன்று சுழன்று குழியின் சுவரைப் பூசி மழமழப்பாக்கிவிடும். காய்ந்ததும் அது சட்டி மாதிரி இறுகிப்போகும், தண்ணீர் நிற்கும், வேர் வெளியே போக முடியாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றும். கன்று வைக்கும் முன் கடப்பாரையால் சுவரை நாலு பக்கமும் கீறிவிடுங்கள். அதைவிட நல்லது, ஈரம் குறைந்து மண் பொலபொலவென உதிர்கிற பதத்தில் வேலையை வைத்துக்கொள்வது.

கடையில் மெஷினைப் பார்க்கும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள், அடியில் குனிந்து பாருங்கள். சுருள் தகடு நடுத்தண்டோடு சேரும் இடத்தில் வெல்டிங் தொடர்ச்சியாக ஓடுகிறதா, அங்கங்கே புள்ளி வைத்ததா? கியர் பாக்ஸுக்குக் கீழே ஷாஃப்ட் வெளிவரும் இடத்தில் ஆயில் கசிவு இருக்கிறதா? ஆகரை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கடகடவென ஆடினால் பேரிங் சரியில்லை. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அப்புறம் உங்கள் வண்டியிலேயே மாட்டி முழுக்கத் தூக்கச் சொல்லுங்கள், முனை தரையைவிட்டு நன்றாக மேலே வர வேண்டும், இல்லையென்றால் வரப்பு தாண்டும்போதெல்லாம் இடிக்கும். ஆழம் வேண்டுமென்று நீட்டுக் கம்பி சேர்க்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல்தான் வரும்.

ஷியர் போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கல்லில் இடித்தால் உடைவதற்கென்றே வைத்த போல்ட் அது. அது உடைந்தால் கியர் பாக்ஸ் பிழைத்தது. அடிக்கடி உடைகிறதே என்று தலையில் 8.8 என்று அச்சடித்த பலமான போல்ட்டைப் போட்டுவிடுவார்கள், அடுத்த கல்லில் கியர் பல் போகும். மெஷினோடு வரும் புத்தகத்தில் சொன்ன தரத்தில், சொன்ன நீளத்தில், ஒரு டஜன் வாங்கி டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள். நீளம் ஏன் முக்கியம் என்றால், வெளியே நீட்டிக்கொண்டு சுற்றுகிற போல்ட் முனையில்தான் துண்டும் வேட்டி நுனியும் மாட்டுகின்றன. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, துணி மாட்டினால் சுதாரிக்க நேரமே கிடைக்காது. பி.டி.ஓ.விலிருந்து கியர் பாக்ஸுக்கு வருகிற ஷாஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆகர் இறங்கவில்லை என்று மேல்கம்பியில் ஆளை ஏறி நிற்கச் சொல்கிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது, தயவுசெய்து உங்கள் தோட்டத்தில் அதை அனுமதிக்காதீர்கள். மண்ணைத் தள்ளிவிடுகிறவரும் ஆகர் நின்றபிறகுதான் கிட்டே வர வேண்டும்.

ஒரே ஒரு தோப்பு வைக்க என்றால் வாடகைக்கு எடுப்பதே லாபம். சொந்தமாக வாங்கி ஊரில் வாடகைக்கும் ஓட்டலாம் என்றால், மானியம் கிடைக்குமா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள். பிளேடு, ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல், ஷாஃப்ட்டை மடக்கி இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட் மூன்றும் பக்கத்து ஊர்க் கடையிலேயே கிடைக்கிற கம்பெனி மெஷினாகப் பாருங்கள், நடவுக் காலத்தில் ஒரு சீலுக்காகப் பத்து நாள் காத்திருக்க முடியாது. முடிந்தால் மெஷினை உங்கள் காட்டுக்கே கொண்டுவரச் சொல்லி, இருப்பதிலேயே கெட்டியான மூலையில் நாலு குழி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாலாவது குழி முடிந்து இன்ஜினை நிறுத்தியதும் கியர் பாக்ஸ் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அதற்குள்ளேயே அனல் அடித்தால் அந்த மெஷின் வேண்டாம்.